டைஃபாய்டு ஊசி: யாரும் கேக்கலைன்னா போடாமலே போகலாமா?

வழிப்போக்கன் | பிப்ரவரி 4, மாலை 6.10

வேலை விஷயமா வெளிநாடு போறேன், மூணு மாசம் அங்கதான். விசா படிவத்தை ரெண்டு தடவை படிச்சாச்சு. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை வேணும்னு இருக்கு. டைஃபாய்டு பத்தி ஒரு வரிகூட இல்ல. ஆனா ஊசி போடற இடத்துல டைஃபாய்டுக்கும் போட்டுக்கங்கன்னு சொல்றாங்க. முழுசா காப்பாத்துமான்னு கேட்டா, அந்த உத்தரவாதம் இல்லைன்னும் அவங்களே சொல்றாங்க. யாரும் கேக்காத, முழுசா வேலையும் செய்யாத ஊசி எனக்கு எதுக்கு? குத்தறதுக்கு ஒரு சாக்கா?

ஊசிக்காரி | பிப்ரவரி 4, இரவு 9.40

பயணத் தடுப்பூசி அறையில நர்ஸ் நான். குத்தறதுக்குச் சாக்குத் தேடற கூட்டத்துல என்னையும் சேர்த்துக்குங்க.

மஞ்சள் காய்ச்சல் அட்டையைக் கேக்கறது பெரும்பாலும் உங்க மேல இருக்கற அக்கறையால இல்ல. கிருமியை நீங்க உடம்புல சுமந்துட்டுப் போய், அங்க ஒரு கொசு உங்களைக் கடிச்சு, அது இன்னொருத்தரைக் கடிச்சு ஊரெல்லாம் பரவிடக் கூடாதுங்கற பயம். ஹஜ் போறவங்ககிட்ட சவுதி அரசு மூளைக்காய்ச்சல் ஊசி கேக்கறதும் இதே கணக்குதான், லட்சக்கணக்கான பேர் ஒரே இடத்துல நெருக்கியடிச்சு நிக்கறாங்க. டைஃபாய்டுக்கு சர்வதேச சுகாதார விதிகள்ல அந்த மாதிரி அட்டை எதுவும் கிடையாது. நீங்க டைஃபாய்டு வந்து மூணு வாரம் படுத்தா குடியேற்ற அதிகாரிக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அதனால யார் கேக்கறாங்கங்கறதை விட்டுடுங்க. அங்க மூணு மாசம் உங்களுக்கு யார் சமைக்கப் போறாங்க, எந்தத் தண்ணியில, அந்தப் பக்கம் டைஃபாய்டு எவ்வளவு இருக்கு, இதைக் கேளுங்க.

எந்த நாடுன்னே சொல்லலையே தம்பி?

ஊசிக்காரி | பிப்ரவரி 4, இரவு 10.05

கிளம்பற தேதியும் சொல்லலை. ஊசின்னா எதிர்ப்பு உருவாக ரெண்டு வாரம் வேணும். மஞ்சள் காய்ச்சல் அட்டையும் முதல் தடவை போட்டுக்கறவங்களுக்கு 10 நாள் கழிச்சுதான் செல்லும். டிக்கெட்டை எடுத்துட்டு, பெட்டியை அடுக்கிட்டு, கடைசியா எங்களைத் தேடி வர்றவங்கதான் அதிகம்.

ஊசிக்காரி | பிப்ரவரி 5, மதியம் 2.15

சரி, சொல்லிட்டீங்க: கிழக்கு ஆப்பிரிக்கா, போற வழியில தெற்காசியாவுல ரெண்டு வாரம், கிளம்ப இன்னும் மூணு வாரம். இப்ப பேசலாம். உலகத்துல டைஃபாய்டு அதிகம் இருக்கற இடம்னு எந்தக் கணக்கைப் பார்த்தாலும் தெற்காசியா முதல்ல வரும். ஆப்பிரிக்காவுல சஹாராவுக்குத் தெற்கே இருக்கற நாடுகளும் குறைச்சல் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019க்குச் சொன்ன மதிப்பீடு: ஒரு வருஷத்துல 90 லட்சம் பேருக்கு நோய், 1,10,000 சாவு.

என்னென்ன இருக்குன்னு கேட்டீங்க. ஊசியில ரெண்டு, வாய்வழியா ஒண்ணு.

பழைய ஊசிக்குப் பேர் வி.ஐ. பாலிசாக்கரைடு. டைஃபாய்டு கிருமி தன்னைச் சுத்திப் போர்த்தியிருக்கற ஒரு சர்க்கரை உறை இருக்கு, அதை மட்டும் பிரிச்செடுத்துப் போடறது. உயிருள்ள கிருமி எதுவும் இல்ல, அதனால ஊசியாலயே டைஃபாய்டு வந்துடும்ங்கற பயம் வேண்டாம். ஒரே டோஸ், அரை மில்லி, மேல் கையில. முன்கூட்டியே நிரப்பின சின்ன சிரிஞ்சு, உள்ளே தண்ணி மாதிரி நிறமில்லாத மருந்து. நான் பேச்சுக் கொடுத்துட்டே போட்டுடுவேன், "போட்டாச்சா?"ன்னு கேப்பாங்க. வலி மறுநாள் சட்டை மாட்டறப்பதான். சிலருக்கு லேசா காய்ச்சல், தலைவலி. ரெண்டு நாள்ல போயிடும்.

இதோட பலவீனம், வெறும் சர்க்கரையை நம்ம எதிர்ப்பு மண்டலம் ரொம்ப நாள் ஞாபகம் வச்சிக்காது. ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைகளுக்கு அது உறைக்கவே உறைக்காது.

அதுக்கு வழி பண்ணினதுதான் டி.சி.வி., அதாவது டைஃபாய்டு கான்ஜுகேட் வேக்சின். அதே சர்க்கரையை ஒரு புரதத்தோட கோத்துட்டாங்க. பாரத் பயோடெக்கோட டைப்பார்-டி.சி.வி.யில அந்தப் புரதம் டெட்டனஸ் டாக்ஸாய்டு. புரதம் சேர்ந்ததால எதிர்ப்பு மண்டலம் விஷயத்தைச் சீரியஸா எடுத்துக்குது, 6 மாசக் குழந்தைக்கே போடலாம், பலனும் கூடுதல் நாள் நிக்குது. 2018ல உலக சுகாதார நிறுவனம் இதைத்தான் முன்னால வச்சுச்சு. ஆனா எல்லா நாட்டுலயும் பயணிக்குக் கிடைக்காது. அமெரிக்காவுல இன்னும் பழைய பாலிசாக்கரைடுதான். எது கிடைக்குதோ அதைப் போட்டுக்கங்க, டி.சி.வி.க்காகக் காத்திருந்து எதையும் போடாம விமானம் ஏறாதீங்க.

வாய்வழியா எடுத்துக்கறது டை21ஏ. இது உயிருள்ள கிருமி, நோய் கொடுக்க முடியாத அளவுக்குப் பலவீனமாக்கினது. 1970கள்ல சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்துல உருவாக்கினாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு கேப்ஸ்யூல். அமெரிக்க முறையில நாலு, ஐரோப்பாவுல மூணு. இதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா நீளும், நாளைக்கு.

ஊசிக்காரி | பிப்ரவரி 6, காலை 7.30

கேப்ஸ்யூல் கதை. ஃப்ரிட்ஜ்லயே இருக்கணும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, வெறும் வயித்துல, கடிக்காம முழுங்கணும். தண்ணி 37 டிகிரிக்கு மேல சூடா இருக்கக் கூடாது. ஏன்னா உள்ளே இருக்கறது உயிரு. காலைக் காப்பியோட ஒரு வாய் சேர்த்து முழுங்கினவரை எனக்குத் தெரியும், காப்பி சுடச்சுட. வேற வியாதிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டுட்டு இருந்தா தடுப்பு மருந்துக் கிருமியையும் அது கொன்னுடும், முடிச்சு மூணு நாளாவது இடைவெளி வேணும். கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புசக்தி குறைஞ்சவங்களுக்கும் கொடுக்கறதில்ல. கடைசி கேப்ஸ்யூலுக்கும் பயணத்துக்கும் நடுவுல ஒரு வாரமாவது இருக்கணும்.

ஊசின்னா பயம்னு சொல்றவங்களுக்கு நல்ல மருந்துதான். ஆனா இவ்வளவு நிபந்தனையை வீட்டுல தனியா யார் கடைப்பிடிக்கறாங்க? இப்ப நிறைய இடத்துல இது கிடைக்கறதும் இல்ல. அதனால வழிப்போக்கன், கையை நீட்டுங்க.

ஊசிக்காரி | பிப்ரவரி 7, இரவு 11.20

மூட்டைமுடிச்சுங்கற பேர்ல ஒருத்தர் எழுதினது: "அக்கா, அந்த மண்ணுலயே பொறந்து வளர்ந்தவன் நான். அந்தத் தண்ணி குடிச்ச உடம்பு இது. லீவுக்குச் சொந்தக்காரங்களைப் பார்க்கப் போறவனுக்கு எதுக்கு ஊசி?"

இந்த வசனத்தைக் கேக்காம எங்க அறையில ஒரு வாரம் ஓடினதில்ல. பயண மருத்துவத்துல இவங்களைத் தனி வகையாவே வச்சிருக்காங்க, "உறவினரைப் பார்க்கப் போறவங்க"ன்னு. அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் பதிவாகற டைஃபாய்டுல பெரும்பங்கு இவங்களுக்குத்தான். சுத்திப் பார்க்கப் போற டூரிஸ்ட் இல்ல, முதுகுல பையை மாட்டிட்டுத் திரியற பையன் இல்ல. சொந்த வீட்டுக்குப் போற அப்பா, அம்மா, அவங்களோட போற குழந்தைகள்.

ஏன்னு யோசிச்சா ஆச்சரியமே இல்ல. டூரிஸ்ட் பயந்து பயந்து சாப்பிடுவான், பத்து நாள்ல திரும்பிடுவான். சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறவங்க மாசக்கணக்கா தங்குவாங்க, வீட்டுல எல்லாரும் குடிக்கறதைத்தான் குடிப்பாங்க. விருந்தாளியாப் போய் உக்காந்துட்டு "இது கொதிக்க வச்ச தண்ணியா?"ன்னு கேக்க வாய் வராது. பாதிப் பயணம் கல்யாணம், சாவுன்னு திடீர்னு கிளம்பறது, ஊசிக்கு நேரம் இருக்காது. எல்லாத்துக்கும் மேல, அது அவங்களுக்குப் பயணமாவே தெரியாது. வீட்டுக்குப் போறதுக்கு யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா?

"குடிச்ச உடம்பு"க்கு வர்றேன். சின்ன வயசுல கிருமியோட பழகின உடம்புக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருந்திருக்கும், உண்மைதான். பத்துப் பதினைஞ்சு வருஷம் வெளியூர்ல வேற தண்ணி குடிச்ச பிறகு அதை நம்ப முடியாது. டைஃபாய்டு ஒரு தடவை வந்து போனவங்களுக்கே மறுபடி வரும். ஒரு தடவை வந்தா ஆயுசுக்கும் வராதுங்கறது அம்மைக்குப் பொருந்தும், இதுக்கு இல்ல. உங்க பிள்ளைங்க வெளிநாட்டுல பொறந்தவங்கன்னா அவங்க அந்த மண்ணு, அந்தத் தண்ணி எதையும் பார்த்ததே இல்லையே, அவங்க கணக்கு என்ன?

படிக்கற வயசுல எனக்கே வந்திருக்கு. காலையில எழுந்தா பரவாயில்லைன்னு தோணும், சாயங்காலம் விளக்கு வைக்கற நேரத்துக்கு ஏற ஆரம்பிக்கும். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஒரு படி கூட. வயிறு உப்பி, நாக்கு வெள்ளையா மாவு பூசினாப்ல. காய்ச்சல் விட்டு ரெண்டு மூணு மாசம் கழிச்சு, எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சப்ப, சீப்புல கொத்துக்கொத்தா முடி வந்துச்சு. பரீட்சை போனதைவிட அதுக்குத்தான் அழுதேன்.

ஊசிக்காரி | பிப்ரவரி 7, இரவு 11.45

முடி திரும்ப முளைச்சிடுச்சு. ரெண்டு பேர் தனியாக் கேட்டுட்டாங்க.

ஊசிக்காரி | பிப்ரவரி 9, மாலை 5.00

பெட்டிபடுக்கை சொல்றார், சாப்பாட்டோட ரெண்டு பெக் போட்டா எந்தக் கிருமியும் வயித்துல நிக்காதாம். அவரோட மாமா முப்பது வருஷமா நிரூபிச்சிட்டு வர்றாராம்.

மாமாவைக் காப்பாத்தறது அவரோட வயித்து அமிலம், கிளாஸ்ல இருக்கறது இல்ல. கிளாஸ்ல போடற ஐஸ் எந்தத் தண்ணியில செஞ்சதுன்னு மாமாவுக்குத் தெரியுமா? உறைஞ்சா டைஃபாய்டு கிருமி செத்துடாது, சரக்கு ஊத்தினாலும் ஐஸ் சுத்தமாயிடாது.

அமிலம் எவ்வளவு பெரிய காவல்னு தெரிஞ்சது கொஞ்சம் கொடூரமான வழியில. 1960கள்ல அமெரிக்காவுல மேரிலாண்ட்ல ஜெயில் கைதிகளை வாலண்டியர்னு சேர்த்து, கிருமியைப் பால்ல கலந்து கொடுத்தாங்க. ஆயிரம் கிருமி குடிச்சவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலை. 1 லட்சம் குடிச்சவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் படுத்தாங்க. 1 கோடிக்குப் பாதிப் பேர். 100 கோடிக்குக் கிட்டத்தட்ட எல்லாருமே. பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டுல, ஒழுங்கா சம்மதம் வாங்கிக்கிட்டு, முதல்ல சோடா உப்புக் கரைசல் கொடுத்து அமிலத்தை அடக்கிட்டு 10,000 மட்டும் கொடுத்தாங்க. பாதிக்கு மேல நோய் வந்துடுச்சு.

இதுல உபயோகமான சேதி ஒண்ணு இருக்கு: நெஞ்செரிச்சலுக்கு தினமும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்க அந்தக் காவலைத் தாங்களே குறைச்சிட்டு விமானம் ஏறறாங்க. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லலை. ஊசி போடப் போற இடத்துல அதையும் சொல்லுங்க.

ஊசிக்காரி | பிப்ரவரி 10, இரவு 10.30

ஊசி எவ்வளவு காப்பாத்தும்ங்கற சதவீதத்துக்கு வர்றேன், வழிப்போக்கன் விடமாட்டேங்கறார்.

பழைய பாலிசாக்கரைடு ஊசிக்கு 50லேர்ந்து 80 சதவீதம்னு சொல்வாங்க. டி.சி.வி.யை நேபாளம், மலாவி, பங்களாதேஷ் மூணு நாட்டுலயும் பெரிய அளவுல குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தாங்க, மூணுலயும் 80 சதவீதத்தை ஒட்டி வந்துச்சு. மலாவியில நாலு வருஷத்துக்கு மேலயும் கிட்டத்தட்ட அப்படியே நின்னுச்சு. அஞ்சு பேருக்கு வர வேண்டிய இடத்துல ஒருத்தருக்குத்தான் வந்துச்சுன்னு அர்த்தம். உங்களுக்கு 80 சதவீதம் வராது, 20 சதவீதம் வரும்னு அர்த்தம் இல்ல. ஊசி போடாதவங்கள்லயும் பெரும்பாலானவங்களுக்கு வராதுதான்.

இதை நேத்து வரைக்கும் எல்லார்கிட்டயும் இதே மாதிரிதான் சொல்லிட்டு வர்றேன். ஆனா எழுதிப் பார்க்கறப்ப ஒரு உறுத்தல். அவங்க அங்கயே வாழற குழந்தைங்க. கிருமியை முன்ன பின்ன பார்த்த உடம்பு. நீங்க கிருமியைப் பார்க்காத உடம்பு, பெரியவர். உங்களுக்குக் கிட்ட வர்ற கணக்கு ஆக்ஸ்ஃபோர்டு வாலண்டியர்கள்தான். அங்க டி.சி.வி. போட்டுட்டு வேணும்னே கிருமி குடிச்சாங்க. ரத்தத்துல கிருமி தெரிஞ்சாலோ காய்ச்சல் 12 மணி நேரம் நின்னாலோ நோய்னு கணக்கு வச்சப்ப பலன் 55 சதவீதம் சுமார். முதல்ல காய்ச்சல், அப்புறம் ரத்தத்துல கிருமி, அதாவது டாக்டர்கிட்ட போற மாதிரியான நோயை மட்டும் எண்ணினப்ப 87. ஒரே ஊசி, ஒரே ஆட்கள். அதனால சதவீதத்தைக் கேட்டா, எதை நோய்னு எண்ணினாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க.

ஒண்ணு மட்டும் எல்லாத்துலயும் பொது. உள்ளே போற கிருமி ரொம்ப அதிகமானா எந்த ஊசியும் திணறும். மழைக்கு ரெயின்கோட் மாதிரிதான், குளத்துல குதிக்க அது உதவாது. கொதிக்க வச்ச தண்ணி, கண்ணு முன்னாடி சூடா வர்ற சாப்பாடு, நீங்களே உரிச்ச பழம், சோப்பு போட்டுக் கழுவின கை. இதுல நான் புதுசாச் சொல்ல ஒண்ணுமில்ல.

ஊசிக்காரி | பிப்ரவரி 11, காலை 6.50

"நான் பெரிய ஹோட்டல்லதான் தங்குவேன்"னு சொன்னவருக்கு. 1963ல டைஃபாய்டு பரவினது சுவிட்சர்லாந்துல, ஆல்ப்ஸ் மலைமேல, செர்மாட்ங்கற பனிச்சறுக்கு ஊர்ல. தண்ணிக் குழாய் வழியா. 400 பேருக்கு மேல. அடுத்த வருஷம் ஸ்காட்லாந்துல ஆபர்டீன், அங்க டப்பாவுல அடைச்ச மாட்டிறைச்சி. அர்ஜென்டினாவுல டப்பாவைக் குளிர வைக்க ஆத்துத் தண்ணியைச் சுத்தம் பண்ணாம விட்டிருக்காங்க. 500 பேர். ஹோட்டலுக்கு எத்தனை ஸ்டார்னு பார்க்கறதோட, சமையல்காரர் கழிவறையிலேர்ந்து வந்து கை கழுவினாரான்னும் யோசிக்கணும்.

சமையல்காரர்னதும் மேரி மேலன் ஞாபகம் வராம இருக்காது. நியூயார்க்ல வீட்டுக்கு வீடு சமைச்ச அம்மா. ஒரு நாள்கூட நோயாளியாத் தெரியலை, பித்தப்பையில கிருமி குடித்தனம் நடத்திட்டு இருந்துச்சு. 1907ல பிடிச்சு ஒரு தீவுல வச்சாங்க, இனிமே சமைக்க மாட்டேன்னு சொன்னதும் 1910ல விட்டாங்க, 1915ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி சமையல்கட்டுல மறுபடி பிடிச்சாங்க. 1938ல சாகற வரைக்கும் அதே தீவு. டைஃபாய்டு வந்தவங்கள்ல நூத்துக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சு பேர் வரைக்கும் இந்த மாதிரி சுமந்துட்டே இருப்பாங்க. அவங்க மேல கோபப்பட்டு என்ன பண்றது, அவங்களுக்கே தெரியாது.

ஊசிக்காரி | பிப்ரவரி 12, இரவு 9.15

"மேகம்போல"ங்கற பேர்ல ஒருத்தங்க கேட்டது: கர்ப்பமா இருக்காங்க, ரெண்டு வயசு ஆகாத குழந்தையும் இருக்கு. கேப்ஸ்யூல் வேண்டவே வேண்டாம். ஊசி வேணுமாங்கறதை உங்களைப் பார்க்கற டாக்டரோட உக்காந்து முடிவு பண்ணுங்க, போற இடத்தையும் எவ்வளவு நாள்னும் சொல்லி. குழந்தைக்கு டி.சி.வி. கிடைச்சா 6 மாசத்துலேர்ந்து போடலாம். கிடைக்கலைன்னா தண்ணியும் கையும்தான் காவல். தாய்ப்பால் கொடுக்கறீங்கன்னா, அதைவிடச் சுத்தமான சாப்பாடு பயணத்துல அதுக்குக் கிடைக்காது.

ஊசிக்காரி | பிப்ரவரி 13, மாலை 6.40

மறுபடி ஊசி போடறது ரெண்டு வருஷத்துலயா, மூணு வருஷத்துலயான்னு ரெண்டு பேர் இங்க சண்டை போட்டுட்டு இருக்கீங்க. ரெண்டு பேர் சொல்றதும் சரி. பாலிசாக்கரைடு ஊசியை அமெரிக்காவுல ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா போடச் சொல்றாங்க, பிரிட்டன்ல மூணு. அதே மருந்துதான். 24வது மாசம் முடிஞ்ச ராத்திரி எதிர்ப்பு காலாவதி ஆகறதில்ல, மெல்ல மெல்லக் குறையறதுல எங்க கோடு போடறதுங்கறதுல ஆளாளுக்கு ஒரு முடிவு. நான் என்ன சொல்வேன்னா, ரெண்டு வருஷம் தாண்டியாச்சு, டைஃபாய்டு அதிகம் இருக்கற இடத்துக்கு நீண்ட நாள் போறீங்கன்னா மறுபடி போட்டுக்கங்க.

ஊசி போட்ட அட்டையைத் தொலைக்காதீங்க. மருந்துப் பேரும் பேட்ச் நம்பரும் இருக்கற சின்ன ஸ்டிக்கரை உரிச்சு நாங்க அதுல ஒட்டித் தர்றோம். "எப்பவோ போட்டேன், ஏதோ ஊசி"ன்னு வர்றவங்களுக்கு நான் என்னத்தைப் பார்த்துச் சொல்றது? போட்டோவாவது எடுத்து வச்சுக்கங்க.

ஊசிக்காரி | பிப்ரவரி 15, இரவு 11.10

கட்டாயமில்லாத ஊசிங்கற பேச்சு இன்னும் ஓடுது. புதுப் பேச்சு இல்ல இது. டைஃபாய்டு ஊசி பொறந்ததே 1896ல, இங்கிலாந்துல ஆல்ம்ரோத் ரைட், ஜெர்மனியில ஃபைஃபரும் கோலேவும். கொன்ன கிருமியை அப்படியே போடற ஊசி அது, போட்டா ரெண்டு நாள் காய்ச்சல்ல புரட்டி எடுத்துடும். மூணு வருஷத்துல தென்னாப்பிரிக்காவுல போயர் போர். பிரிட்டிஷ் ராணுவத்துல விருப்பம் இருந்தா போட்டுக்கலாம்னு விட்டாங்க. கப்பல்ல போறப்ப காய்ச்சல்ல படுக்கறதுக்கு யாருக்கு விருப்பம் வரும்? கொஞ்சம் பேர்தான் போட்டுக்கிட்டாங்க. குண்டடி பட்டுச் செத்தவங்களைவிட வியாதியில செத்தவங்க அதிகம், அதுல பெரிய பங்கு டைஃபாய்டுக்கு.

அதுக்கப்புறமும் வாக்குவாதம் முடியலை. 1904ல கார்ல் பியர்சன், புள்ளிவிவரத்துல பெரிய கை, ரைட்டோட கணக்கை எடுத்து அலசிட்டு, இந்த ஆதாரம் போதாதுன்னு எழுதினார். ஊசி போட்டுக்க முன்வந்தவங்க ஏற்கெனவே ஜாக்கிரதையான ஆளுங்களா இருக்கலாம், அவங்களுக்கு நோய் குறைஞ்சதுல ஊசிக்கு எவ்வளவு பங்குன்னு எப்படிச் சொல்றதுங்கற சந்தேகம் அந்த விவாதத்துல இருந்துச்சு. நியாயமான கேள்வி. அதே வழிப்போக்கன் கேள்விதான், மீசை வச்சிட்டு. முதல் உலகப் போர்ல பெரும்பாலான பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் போட்டாங்க, டைஃபாய்டு ரொம்பக் குறைஞ்சுது. அப்ப தண்ணிக்கு குளோரின் போடறதும் வந்துடுச்சுன்னு பியர்சன் கட்சிக்காரங்க சொல்லலாம். சொல்லட்டும்.

ஊசிக்காரி | பிப்ரவரி 16, காலை 7.05

நேத்து வரலாறு எழுதினதுல நிகழ்காலம் விட்டுப்போச்சு. இந்த ஊசி விஷயத்துல என் மனசு மாறினது ஒரே காரணத்தால. முன்னாடியெல்லாம் நான் இதை ரெண்டாம் வரிசையில வச்சிருந்தேன். வந்தா மாத்திரை இருக்கு, சாப்பிட்டா போயிடும்னு. 2016லேர்ந்து பாகிஸ்தான் சிந்து மாகாணத்துல பரவினது வேற ஜாதி. வழக்கமான முதல் வரிசை மருந்துகள், சிப்ரோஃப்ளாக்ஸசின், செஃப்ட்ரியாக்ஸோன் எதுவும் கேக்கலை. வாய்வழியா அசித்ரோமைசின், இல்லைன்னா ஆஸ்பத்திரியில சேர்ந்து கார்பாபெனம்ங்கற பலமான ஆன்டிபயாடிக் ஊசி, அவ்வளவுதான் மிச்சம். பயணிகள் வழியா மத்த நாடுகளுக்கும் போயாச்சு. 2019ல டி.சி.வி.யை வழக்கமான குழந்தைத் தடுப்பூசிப் பட்டியல்ல சேர்த்த முதல் நாடு பாகிஸ்தான்தான், வேற வழி இல்லாமத்தான். வந்தா பார்த்துக்கலாம்னு சொல்ற மருந்து அலமாரி காலியாயிட்டு வர்றப்ப, பாதி காப்பாத்தற ஊசியோட மதிப்பு எங்கயோ போயிடுது.

ஊசிக்காரி | பிப்ரவரி 17, மாலை 4.30

வழிப்போக்கன் போட்டுக்கிட்டாராம். வலது கையில போட்டுக்கிட்டு ராத்திரி அந்தப் பக்கமே படுத்து, இப்ப என்னைத் திட்டறார். எழுதற கையில வேண்டாம்னு சொல்லிப் பழகுங்க. ஹெபடைடிஸ் ஏ ஊசியும் சேர்த்துப் போட்டது நல்லது, அதுவும் தண்ணி, சாப்பாடு வழியாத்தான் வரும். ஒரே நாள்ல போடறதுல தப்பில்ல, வேற வேற இடத்துல போடணும்.

இன்னொண்ணு. "பாராடைஃபாய்டு ஏ"ங்கற பேர்ல டைஃபாய்டுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான். அதே மாதிரி காய்ச்சல், அதே வழி. இந்த ஊசி அவனைத் தொடவே தொடாது, அவன் மேல அந்தச் சர்க்கரை உறையே இல்ல. "டைஃபாய்டு ஊசி போட்டாச்சே, அப்ப இது வேற ஏதோ வைரல்"னு ஒரு வாரம் படுத்திருந்து வந்தவங்க உண்டு. ஊசி போட்டதைச் சொல்லுங்க, அதை வச்சு நீங்களே நோயைத் தள்ளிடாதீங்க.

காய்ச்சல்னா ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்துல இருக்கற கிருமியை வளர்த்துப் பார்க்கற டெஸ்ட், எடுக்கச் சொல்லுங்க. ரத்தக் கல்ச்சரே பத்துல நாலைத் தவறவிடும், முதல்ல மாத்திரையைப் போட்டுட்டா இன்னும் மோசம். ரத்தத்துல எதிர்ப்புப் பொருளைத் தேடற வைடால் டெஸ்ட்டை மட்டும் நம்பி டைஃபாய்டுன்னு முத்திரை குத்தறது நிறைய இடத்துல நடக்குது. 1896ல வந்த டெஸ்ட் அது, வேற காய்ச்சலுக்கும் பாசிட்டிவ் காட்டும்.

ஊசிக்காரி | ஜூன் 9, இரவு 10.00

ரொம்ப நாள் கழிச்சு இந்த இழை மேல வந்திருக்கு. வழிப்போக்கன் திரும்பி வந்தாச்சு, ஒண்ணும் ஆகலையாம். "ஊசி வேலை செஞ்சுதா, இல்ல கிருமியே என்கிட்ட வரலையா, எப்படித் தெரிஞ்சுக்கறது?"ன்னு கேக்கறார்.

தெரிஞ்சுக்க முடியாது தம்பி. ஒரு ஆளை வச்சு அந்தக் கணக்குப் போட முடியாது, அதுக்குத்தான் நேபாளத்துலயும் மலாவியிலயும் ஆயிரக்கணக்குல குழந்தைங்க வேண்டியிருந்துச்சு. பெட்டிபடுக்கை மாமாவுக்கும் இதே பதில்.

ஆனா கணக்கு இன்னும் மூடலை. டைஃபாய்டு கிருமி உள்ளே போய் காய்ச்சலா வெளிய வர ஒண்ணு ரெண்டு வாரம், சில சமயம் ஒரு மாசம்கூட ஆகும். அதுக்குள்ள காய்ச்சல் வந்தா எங்க போயிட்டு வந்தீங்கன்னு டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லுங்க. ஆப்பிரிக்கான்னு சொன்னதும் அவர் முதல்ல மலேரியா டெஸ்ட் எழுதணும், அன்னிக்கே, டைஃபாய்டெல்லாம் அதுக்கு அடுத்துதான். ஒரு வருஷம் வரைக்கும் மலேரியாவை மறக்கக் கூடாது.

அது சரி, மலேரியாவுக்கு என்ன மாத்திரை கொடுத்தாங்க? டாக்ஸிசைக்ளினா இருந்தா திரும்பி வந்த பிறகும் 4 வாரம் சாப்பிடணும். வீட்டுக்கு வந்தாச்சுன்னு நிறுத்திடலையே?